முப்பத்தைந்தில் ஒரு பங்கு

போர்க்களத்திற்கென்று செய்யப்பட்ட பொருள்கள் போர் ஓய்ந்தபின் பிள்ளைகளின் கைக்கு விளையாட்டுப் பொருள்களாக வந்து சேர்வது புதிதன்று. மர வாளும் தகரத் துப்பாக்கியும் எக்காலத்தும் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பரவிய ஒரு கைவினை, விளையாட்டு என்னும் எல்லையைக் கடந்து ஏறத்தாழ ஒரு தவமாகவே வளர்ந்துவிட்டது. போரில் ஓடிய டாங்கிகளை அளவு பிசகாமல் சிற்றுருவாகச் செய்து வண்ணம் தீட்டி வைக்கும் கைவினையைத்தான் சொல்கிறேன். இதில் ஈடுபடுவோர் சிறுவர் அல்லர். பெரும்பாலும் நடுவயதைக் கடந்த ஆண்கள். ஒரே ஒரு டாங்கியின்மேல் மாதக்கணக்கில் உழைப்போர் உண்டு. அவர்கள் மிகுதியும் விரும்பிச் செய்வது எந்த நாட்டின் டாங்கியை என்று கேட்டால் விடை சற்று வியப்பளிக்கும். வென்ற நாடுகளின் டாங்கிகளை அல்ல. தோற்ற ஜெர்மனியின் டாங்கிகளையே.

அவற்றுள் 'பாந்தர்', அதாவது 'சிறுத்தை' எனப் பெயரிடப்பட்ட டாங்கிக்குத் தனி மதிப்பு உண்டு. 1941 ஜூனில் ரஷ்யாவின்மேல் படையெடுத்துச் சென்ற ஜெர்மானியர், அங்கே டி-34 என்னும் டாங்கியைக் கண்டு திகைத்தனர். அதன் கவசத் தகடுகள் செங்குத்தாக நில்லாமல் சாய்வாக அமைந்திருந்ததால் குண்டுகள் வழுக்கிச் சிதறின. அந்தச் சாய்வைப் பாடமாகக் கொண்டு ஜெர்மன் பொறியியலாளர் வகுத்ததே பாந்தர். முன்தகட்டின் கனம் 80 மி.மீ.; எடை ஏறத்தாழ 45 டன்; 700 குதிரைத்திறன் கொண்ட மேபாக் எந்திரம்; உள்ளே ஐந்து மனிதர். 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் முதன்முதலாக ஏறத்தாழ 200 பாந்தர்கள் களமிறக்கப்பட்டன. எதிரியின் குண்டு படுமுன்பே எந்திரம் தீப்பற்றியும் பழுதடைந்தும் நின்றுபோனவை அவற்றுள் பல. குறைகளை ஓரளவு களைந்து, போர் முடியும்வரை ஏறத்தாழ 6,000 வண்டிகள் செய்யப்பட்டன.

இந்த டாங்கி சிற்றுருவாகப் பிறந்த இடம் ஜெர்மனி அன்று. ஜப்பானின் ஷிசுவோகா நகரம். 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் எரித்த நகரங்களுள் அதுவும் ஒன்று. மரவேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரில், போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், தமியா என்னும் குடும்பத்தார் மர வணிகம் தொடங்கினர். பின்னர் மரத்தாலான கப்பல், விமானச் சிற்றுருக்களைச் செய்து விற்றனர். காலம் பிளாஸ்டிக்கை நோக்கித் திரும்பியபோது அவர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. 1960-இல் அவர்கள் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் சிற்றுரு, யமாட்டோ போர்க்கப்பல், எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அடுத்து அவர்களை நிமிர்த்தியது மின்விசையில் தானே ஊர்ந்து செல்லும் பாந்தர் டாங்கி. 1961-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அது கடைக்கு வந்தது.

அந்தச் சிற்றுருவின் அளவு எவ்வாறு அமைந்தது என்பது சுவையான செய்தி. உள்ளே சிறு மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி வண்டியின் வயிற்றை வகுத்தார்கள். வகுத்தபின் உண்மை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அவ்வளவே. அடுத்து வந்த டாங்கிகளும் அதே அளவில் வந்தன. பிற நாட்டு நிறுவனங்களும் அதையே பின்பற்றின. இன்று உலகெங்கும் படைவண்டிச் சிற்றுருக்களுக்கு முதன்மையான அளவு 1:35. ஏதோ பெரிய கணித நுட்பம் இருக்கும் என்று எண்ணுவோர்க்கு, அதன் மூலம் இரண்டு மின்கலங்களே என்று அறியும்போது சிரிப்பு வரும்.

குழலை முன்னே நீட்டிய நிலையில் உண்மைப் பாந்தரின் நீளம் 8.66 மீட்டர். சிற்றுருவில் அது 25 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு பள்ளிக்கூட அளவுகோலைவிடக் குட்டை. மூன்று மீட்டர் உயரம் எட்டரை செ.மீ. ஆகிறது. நடுத்தர உயரமுள்ள மனிதன் ஐந்து செ.மீ. ஆகிறான்.

வேலை எளிதன்று. சாம்பல் அல்லது மணல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, பிசிறை அரத்தாலும் உப்புத்தாளாலும் நீக்கி, சாமணத்தால் பிடித்து ஒட்ட வேண்டும். பாந்தரின் சக்கரங்கள் பக்கத்துக்கு எட்டு இணை. ஒன்றின் இடையில் ஒன்று புகுந்து, மீன் செதில்போல் அடுக்கியிருக்கும். உண்மை வண்டியில் உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றினால்தான் அதைத் தொட முடியும். ரஷ்யக் குளிர்காலத்தில் சக்கரங்களுக்கிடையே சேறு உறைந்து வண்டியை அசையவிடாமல் செய்ததும் உண்டு. சிற்றுருச் செய்பவரும் அதே தொல்லையைச் சிறிய அளவில் அனுபவிக்கிறார்: வெளிச்சக்கரத்தை ஒட்டுமுன் உள்சக்கரத்துக்கு வண்ணம் தீட்டாவிட்டால் பின்னர் தூரிகை நுழையாது. ஒரு பக்கத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் கொண்ட இரும்புப் பட்டையை, கண்ணி கண்ணியாகக் கோத்து அமைப்போரும் உளர்.

எல்லாவற்றினும் பொறுமையைச் சோதிப்பது 'சிம்மெரிட்' என்னும் மேற்பூச்சு. எதிரிப் படைவீரன் காந்தக் கண்ணிவெடியை வண்டியின்மேல் ஒட்டிவிடக்கூடும் என்று ஜெர்மானியர் அஞ்சினர். அத்தகைய கண்ணிவெடி அவர்களிடமே இருந்தது. ஆகவே மற்றவரிடமும் இருக்கும் என்று கருதினர். காந்தம் இரும்பைப் பற்றாதிருக்க, பேரியம் சல்பேட்டும் மரத்தூளும் பசையும் காவிநிறப் பொடியும் கலந்த சாந்தை வண்டியின் மேற்புறத்தில் பூசி, வரிவரியாகக் கீறி, தீச்சுடரால் உலர்த்தினர். 1943-இன் பிற்பகுதி தொடங்கி 1944 செப்டம்பர்வரை தொழிற்சாலைகளில் இப்பணி நடந்தது. எதிரிகளோ அத்தகைய வெடியைப் பெரிதும் பயன்படுத்தவேயில்லை. தம் மனத்தில் இருந்ததையே பிறர் கையில் கண்டு அஞ்சியவர்களின் உழைப்பு அது. இன்று ஒருவர் மெல்லிய சாந்தைப் பிளாஸ்டிக்கின்மேல் தடவி, சிறு திருப்புளியின் முனையால் ஆயிரக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கிறார். இரவு முழுவதும் உழைத்தும் ஒரு பக்கம் முடிவதில்லை.

அந்த வரிகளை முதன்முதலில் கீறிய கைகள் எவருடையவை என்னும் கேள்வி எழாமல் இல்லை. பாந்தரைச் செய்த நிறுவனங்களுள் ஒன்று டைம்லர்-பென்ஸ். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தில் பணிபுரிந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் கட்டாயத் தொழிலாளர். பிடித்து வரப்பட்ட அயல்நாட்டார், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். இதனைப் பிற்காலத்தில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு வெளியிட்டிருக்கிறது. சிற்றுருப் பெட்டியில் வரும் விளக்கத் தாளில் குண்டின் விட்டம் இருக்கும். கவசத்தின் கனம் இருக்கும். எந்திரத்தின் திறன் இருக்கும். இந்தச் செய்தி அங்கே அச்சிடப்பட்டு நான் பார்த்ததில்லை.

வண்ணம் உலர்ந்தபின் வண்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு சிலுவையை ஒட்ட வேண்டும். நீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் படம் அது. விரல் நகத்தைவிடப் பெரிதாக இராது. கறுப்புச் சிலுவை, வெள்ளை ஓரம். நம் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்தச் சிலுவையின் வழிமுறை நீண்டது. 1190-இல், சிலுவைப்போர்க் காலத்தில், ஆக்கர் முற்றுகையின்போது நோயுற்றோரைப் பேணத் தொடங்கப்பட்ட ஜெர்மானியத் துறவுச் சபையினர், பின்னர் வாளேந்தியோராய் மாறி, வெண்ணிற மேலாடையில் கறுப்புச் சிலுவை அணிந்தனர். 1813-இல் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்ய மன்னர் ஏற்படுத்திய இரும்புச் சிலுவைப் பதக்கம் அந்த வடிவத்தைத் தழுவியது. 1918-இல் ஜெர்மன் விமானங்களில் நேர்க்கோடுகளால் ஆன 'உத்தரச் சிலுவை' தீட்டப்பட்டது. அதுவே இருபது ஆண்டுகளுக்குப் பின் டாங்கிகளின் பக்கத்திலும் வந்து அமர்ந்தது. மருத்துவமனையில் தொடங்கிய அடையாளம் பீரங்கி வண்டியில் வந்து முடிந்தது.

1939 செப்டம்பரில் போலந்தின்மேல் சென்ற ஜெர்மன் டாங்கிகளில் இச்சிலுவை வெள்ளை வெளேரென்று பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது. கத்தோலிக்க நாடான போலந்தின் வீரர்கள் அந்த வெண்சிலுவையையே குறியாக வைத்துச் சுட்டனர். தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றே. வண்டிக்குள் இருந்தவர்கள் விரைவிலேயே சேற்றை அள்ளி அதன்மேல் பூசி மறைத்தனர். பின்னர் சிலுவை சிறிதாயிற்று, ஓரக்கோடாயிற்று. பகட்டுக்காகச் சுமந்த சிலுவையைப் பயத்தால் மறைத்தார்கள் என்று ஒரு மறையுரையாளர் சொல்லக்கூடும். எனக்கோ, சேறு பூசிய அந்தக் கைகள் ஒரு கணம் என்ன நினைத்திருக்கும் என்பதே மனத்தில் நிற்கிறது. அவர்களுள் பலர் திருமுழுக்குப் பெற்றவர்கள்.

இவ்வளவு நுணுக்கத்தையும் பார்க்கும்போது நம் வீட்டுக் குடில் நினைவுக்கு வராமல் போகாது. திருவருகைக் காலத்தில் நாமும் சிற்றுருதான் செய்கிறோம். 1223-இல் கிரேச்சோ என்னும் மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் காட்டிய வழி அது. ஆனால் நம் குடிலில் அளவு என்பதே கிடையாது. ஆடு வீட்டைவிடப் பெரியது. ஒட்டகம் அரசரின் தோளுக்குக் கீழ் நிற்கும். உடைந்த கண்ணாடி குளமாகும். தட்டில் முளைக்கவிட்ட பயிர் வயலாகும். சென்ற ஆண்டு உடைந்த இடையனுக்குப் பதில் எங்கிருந்தோ வந்த ஒரு பொம்மை நிற்கும். எவரும் குறை சொல்வதில்லை. ஏனெனில் குடிலில் ஆட்களே முதன்மை, மற்றவை அவர்களைச் சூழ்ந்தவை. டாங்கிச் சிற்றுருவில் இது தலைகீழ். இரும்பு முழுவதும் அளவோடு இருக்கும். ஐந்து மனிதர் இருந்த இடம் வெறுமையாயிருக்கும். மேல்மூடியை அடைத்துவிட்டால் உள்ளே எவரும் இல்லை என்பதும் தெரியாது. அவ்வாறு அடைத்து முடிப்பதே பெரும்பாலோர் வழக்கம்.

குடிலில் கடைசியாக, ஜனவரி 6-ஆம் நாள் திருநாளுக்கென்று நாம் நகர்த்தி வைக்கும் மூவரசர்களின் திருப்பண்டங்கள் எனப் போற்றப்படுபவை, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் பொன் பேழை ஒன்றில் இருக்கின்றன. 1164-இல் பேராயர் ரைனால்ட் மிலான் நகரிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தார். அவற்றுக்குத் தக்க இல்லமாக 1248-இல் தொடங்கிய பேராலயம், அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1880-இல் முற்றுப்பெற்றது. மூவரசரை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. உலகில் மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட பாந்தர் டாங்கி எரிந்தது அந்தப் பேராலயத்தின் அருகில்தான். சிற்றுருச் செய்வோர் பலர் ஏதோ ஒரு பாந்தரை அன்று, அந்தக் குறிப்பிட்ட பாந்தரையே செய்ய விரும்புகிறார்கள்.

1945 மார்ச் மாதம். 1942 மே மாதத்தின் இறுதி இரவொன்றில் ஆயிரம் விமானங்கள் தாக்கியது முதல் ஓயாமல் குண்டு விழுந்து, கொலோன் நகரம் கற்குவியலாய்க் கிடந்தது. பேராலயத்தின்மேலும் 14 குண்டுகள் விழுந்தன. ஆயினும் அது நின்றது. மார்ச் 5-ஆம் நாள் அமெரிக்கரின் மூன்றாம் கவசப் படைப்பிரிவு நகருக்குள் நுழைந்தது. மறுநாள் பேராலயத்தை நெருங்கிய ஷெர்மன் டாங்கி ஒன்றை, மறைந்து நின்ற பாந்தர் சுட்டது. அதிலிருந்தவர்களுள் மூவர் உயிரிழந்தனர். பின்னர் பாந்தர், பேராலயத்துக்கு அருகே, நாசிகளின் தொழிலாளர் முன்னணிக் கட்டடத்தின் முன்னே வெளிப்படையாக நின்றது. அதை எதிர்கொள்ள மற்றொரு தெரு வழியே வந்தது பெர்ஷிங் என்னும் புதுவகை அமெரிக்க டாங்கி. அவ்வகையில் இருபது வண்டிகளே அப்போது ஐரோப்பாவுக்கு வந்திருந்தன. அதன் குறிபார்ப்பாளர் கிளாரன்ஸ் ஸ்மாயர், பென்சில்வேனியாவைச் சேர்ந்த இளைஞர்.

தெருமுனையில் பெர்ஷிங் வெளிப்பட்டபோது பாந்தரின் குழல் அதை நோக்கியே இருந்தது. ஆயினும் அது உடனே சுடவில்லை. பெர்ஷிங்கின் உருவம் புதிதாயிருந்ததால் அதைத் தம் நாட்டு வண்டி என்றே கருதியதாகப் பாந்தரின் தலைவர் பின்னாளில் கூறினார் என்று நூல்கள் சொல்கின்றன. ஸ்மாயர் ஓடும் வண்டியிலிருந்தே முதல் குண்டைச் சுட்டார். அடுத்தடுத்து மேலும் இரண்டு. பாந்தர் தீப்பற்றியது. அருகிலிருந்த கட்டடம் ஒன்றிலிருந்து ஜிம் பேட்ஸ் என்னும் படைப் புகைப்படக்காரர் இவற்றையெல்லாம் படச்சுருளில் பதிவு செய்துகொண்டிருந்தார். தீயும் புகையும் சூழ ஆட்கள் மேல்மூடி வழியே வெளியேறுவதை அதில் இன்றும் காணலாம். எரிந்து துருவேறிய அந்த வண்டி, பேராலயக் கோபுரங்களின் நிழலில் பின்னும் நெடுநாள் கிடந்தது.

படம் இருப்பதால் சிற்றுருச் செய்வோர்க்கு எல்லாம் கிடைக்கின்றன. குண்டு துளைத்த இடம் எது, எந்தச் சக்கரத்தில் ரப்பர் எரிந்தது, பக்கத் தகடு எவ்வாறு வளைந்தது என்று ஆராய்ந்து அவ்வாறே செய்கிறார்கள். சாந்துக் கட்டியை நொறுக்கி இடிபாடு ஆக்குகிறார்கள். பேராலயத்தை மட்டும் எவராலும் வைக்க முடிவதில்லை. அதன் கோபுரம் 157 மீட்டர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்றாலும் நாலரை மீட்டர். எந்த வீட்டுக் கூரையின் கீழும் அது நில்லாது. ஆகவே 25 செ.மீ. டாங்கி இருக்கும், பின்னால் ஒரு சுவர் இருக்கும், மூவரசரின் இல்லம் இராது. இதில் எவர்மேலும் குற்றமில்லை. அளவின் கண்டிப்பு அப்படி.

ஆனால் அதே நாள், அதே நகரில் நடந்த மற்றொன்றும் பேட்ஸின் படச்சுருளில் இருக்கிறது. அதை வைப்பதற்கு இடம் போதாது என்று சொல்ல முடியாது. பாந்தரைச் சுடுவதற்குச் சற்று முன்னர், ஸ்மாயரின் வண்டி ஒரு நாற்சந்தியில் மற்றொரு ஜெர்மன் டாங்கியோடு மோதிக்கொண்டிருந்தது. அந்த டாங்கியில் இருந்தவர்களுள் ஒருவர் குஸ்தாவ் ஷேஃபர். வட ஜெர்மனியின் உழவர் வீட்டுப் பிள்ளை. வயது பதினெட்டை ஒட்டியது. இருவருக்கும் நடுவே திடீரென்று ஒரு கறுப்பு ஓப்பல் கார் குறுக்கிட்டது. இருவரும் அதன்மேல் சுட்டார்கள். காரை ஓட்டியவர் இறந்தார். உடனிருந்த 26 வயதுப் பெண் தெருவில் விழுந்தாள். அமெரிக்க மருத்துவப் பணியாளர் ஓடிச் சென்று அவளைப் பார்த்தனர், அவள் பிழைக்கவில்லை. அவள் படைவீராங்கனை அல்லள். நகரைவிட்டுத் தப்ப முயன்றவர்களுள் ஒருத்தி.

டாங்கியின் குறிபார்ப்பாளர் உலகைப் பார்ப்பது ஒரு சிறு வட்டத்தின் வழியாக. பாந்தரில் இருந்தவருக்கோ அந்த வட்டத்தைத் தவிர வேறு சாளரமே இல்லை. டாங்கி அறிஞர் பலரும் அதை அவ்வண்டியின் குறையாகச் சுட்டுவர். அந்த வட்டத்தில் அசைவது தெரியும். அதனுள் இருப்பவர் எவர் என்பது தெரியாது. ஸ்மாயருக்கும் ஷேஃபருக்கும் அன்று தெரிந்தது ஒரு காரின் அசைவே. பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைக் கண்டபோதுதான் தெருவில் கிடந்தவள் ஒரு பெண் என்பது ஸ்மாயரின் மனத்தில் முழுமையாகப் பதிந்தது. அதன்பின் அவருக்கு உறக்கம் கெட்டது.

சிற்றுருச் செய்வோரைப் பழிப்பது என் நோக்கமன்று. வன்மத்தைத் தூண்டும் கைவினை என்று இதை ஒதுக்குவோர் உண்டு; நான் அவர்களோடு உடன்படவில்லை. ஒரு திருகாணிக்காக நான்கு நூல்களைப் புரட்டும் ஒருவர், வெற்று வீர முழக்கத்தை நம்புவது அரிது. கூர்ஸ்க்கில் பாந்தர் தானாகவே எரிந்தது என்பதைப் பொதுமக்களைவிட நன்கு அறிந்தவர் அவரே. நாசிகளின் சுவஸ்திகா அடையாளத்தை ஜெர்மன் சட்டம் தடை செய்திருப்பதால், அங்கே விற்கும் பெட்டிகளின் படத்திலிருந்து அது நீக்கப்படுகிறது, அதுவும் நன்றே. ஆயினும் சட்டத்தால் ஓர் அடையாளத்தை நீக்க முடியுமேயன்றி, விடுபட்டதைச் சேர்க்க முடியாது. அதைச் செய்பவரே சேர்க்க வேண்டும். கொலோன் காட்சியை மேசைமேல் அமைப்பவர் ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுக்கிறார், அறிந்தோ அறியாமலோ. பாந்தர் மட்டும் போதுமா? அந்தக் கறுப்புக் காரும் வேண்டுமா? முப்பத்தைந்தில் ஒரு பங்கில் அந்தக் கார் உள்ளங்கையில் அடங்கும்.

2013-இல், போர் முடிந்து 68 ஆண்டுகள் சென்றபின், ஸ்மாயரும் ஷேஃபரும் கொலோனில் சந்தித்தனர். இருவரும் எண்பது வயதைக் கடந்திருந்தனர். அந்தப் பெண்ணைக் கொன்றது எவர் குண்டு என்று அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. போரின் குற்றம் அது, நம்முடையதன்று என்று ஒருவரையொருவர் தேற்ற முயன்றனர். பின்னர் அவள் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்குச் சேர்ந்தே சென்று மஞ்சள் ரோஜாக்களை வைத்தனர். அதன்பின் ஷேஃபர் 2017-இல் இறக்கும்வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். ஸ்மாயருக்கு அந்நாளின் போருக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் 2019-இல்தான் கிடைத்தது. 2022-இல் தம் 99-ஆம் வயதில் அவரும் காலமானார்.